ஐம்பதின் வாரிசுகள்

கரும்புத் தோட்டத்து எலிகளை ஒழிக்க, கரீபியத் தீவான ஆன்டிகுவாவில் 19ஆம் நூற்றாண்டில் கீரிகளைக் கொண்டுவந்து விட்டார்கள். எலி இரவில் திரியும். கீரிக்குப் பகல்தான் வேட்டை. மாட்டிக்கொண்டது பகலில் உலவும், மனிதருக்குத் தீங்கில்லாத ரேசர் பாம்பு. 1995இல், பக்கத்தில் கீரி இல்லாத கிரேட் பேர்ட் என்னும் குட்டித் தீவில் சுமார் 50 பாம்புகளே மிஞ்சியிருந்தன. அங்கே பாம்புகளைத் தாக்கிய எலிகளை ஒழித்து, பக்கத்துத் தீவுகளிலும் பாம்புகளைக் குடியேற்றினார்கள். எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது. கைதட்டலாம். ஆனால் அத்தனையும் அந்த ஐம்பதின் வாரிசுகள், சொந்தத்துக்குள்ளேயே பெண் எடுத்துப் பெண் கொடுக்கும் குடும்பம் மாதிரி. தலைக்கணக்கு ஏறலாம், தொலைந்த மரபணு வகைகள் திரும்பாது. புது நோய் வந்தால் தாக்குப்பிடிக்க வெவ்வேறு விதமான உடம்புகள் வேண்டாமா? தீவுக்குத் தீவு சில பாம்புகளை அவ்வப்போது மாற்றிவிடுவதே நல்லது என்பேன்.