பாட்டியின் குரலும் பேரனின் கைபேசியும்



அமாவாசைத் தர்ப்பணத்தில் தந்தை, பாட்டனார், கொள்ளுப்பாட்டனார் என மூன்று தலைமுறையினரின் பெயர்களைச் சொல்லி எள்ளும் நீரும் இறைக்கிறோம். தாய்வழி முன்னோர்க்கும் அவ்வாறே செய்கிறோம். புரோகிதர் மூன்றாவது பெயரைக் கேட்கும்போது நம்மில் பலர் தயங்கி நிற்கின்றனர். நமக்கே இந்நிலை என்றால், நம் பேரப்பிள்ளைகள் யாரைக் கேட்பார்கள்?

செம்பரம்பாக்கத்தில் வாழ்வதால் இக்கேள்வி எனக்குக் கூடுதலாக உறுத்துகிறது. எங்களுக்கு மேற்கே ஸ்ரீபெரும்புதூரில் 2006 முதல் 2014 வரை நோக்கியா ஆலை கைபேசிகளைச் செய்தது. இன்று ஃபாக்ஸ்கான் ஆலையிலிருந்து ஐபோன்கள் உலகெங்கும் செல்கின்றன. இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் என்று தொழிற்பேட்டைகள் எழ எழ, வயல்களோடு பழைய வீடுகளும் மறைந்தன. பரணில் கிடந்த ஜாதகக் கட்டுகளும் பத்திரங்களும் பல வீடுகளில் அவற்றோடு போயின. எந்த எல்லையில் எந்தக் குலதெய்வம் என்று அறிந்த பெரியோரும் ஒருவர்பின் ஒருவராக மறைகின்றனர்.

குலவரலாற்றைக் காப்பது நமக்குப் புதியதன்று. ஹரித்துவாரத்துப் பண்டாக்கள் யாத்திரை வரும் குடும்பங்களின் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றை ஊர்வாரியாகப் பல தலைமுறைகளாக எழுதி வருகின்றனர். அந்த ஏடுகளை அமெரிக்காவின் யூட்டா வம்சாவளிச் சங்கத்தார் படமெடுத்தனர். அப்படங்கள் பல இன்று ஃபேமிலிசர்ச் என்னும் தளத்தில் உள்ளன. நாட்டுக்கோட்டை நகரத்தாரோ, திருமணமான ஒவ்வொரு தம்பதியையும் ஒரு ‘புள்ளி’யாகத் தத்தம் நகரக் கோயிலில் பதிவு செய்கின்றனர்.

கடல் கடந்தோரின் தேடல் இன்னும் உருக்கமானது. 1860 நவம்பர் 16 அன்று ‘ட்ரூரோ’ என்ற கப்பல் சென்னையிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களுடன் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையை அடைந்தது. அதன்பின் 1911 வரை சுமார் 1,52,000 பேர் அவ்வாறு சென்றனர். கப்பல் பட்டியல்களில் அவர்தம் பெயர், தந்தை பெயர், வயது, ஜில்லா, கிராமம் எழுதப்பட்டன. அந்த ஒரு வரியைப் பற்றிக்கொண்டுதான் அவர்தம் கொள்ளுப்பேரர்கள் இன்று தமிழகத்தில் தங்கள் ஊரைத் தேடுகின்றனர். நமக்கோ, ஊரும் அருகில். சொல்லக்கூடிய மூத்தோரும் வீட்டிலேயே உள்ளனர்.

எங்கள் தெருவில் எண்பது கடந்த அம்மையார் ஒருவர் இருக்கிறார். ஆலையில் பணிபுரியும் அவருடைய பேரன், ஒரு ஞாயிறன்று கைபேசியில் குரல் பதிவை இயக்கிவிட்டு, ‘தாத்தா பெயர் என்ன?’ என்று தொடங்கினான். அக்காலத்துப் பெண்மணி கணவர் பெயரை வாயால் சொல்வாரா? ‘திருமழிசைப் பெருமாள் பேருடா’ என்றார். ஜகந்நாதன் என்று அவன் புரிந்துகொண்டான். மாமனார் பெயரைக் கேட்டதற்கு, ‘குன்றத்தூர் மலையிலே நிக்கிறவர்’ என்றார். பின்பு அவராகவே, புகுந்த வீட்டுக் குலதெய்வம் எந்த வேப்பமரத்தடியில் இருந்தது, பொங்கல் எந்த மாதம் வைத்தார்கள் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனார். இவை எந்த வலைத்தளத்திலும் கிடைப்பன அல்ல.

ஆகவே முதல் வேலை, தேடுவதன்று, பேசுவது. ஒரு நாளைக்கு அரைமணி நேரம் போதும். பெயர்கள், பிறந்த ஊர்கள், பெண் கொடுத்த, எடுத்த ஊர்கள், கோத்திரம், குலதெய்வம் என வரிசையாகச் சொல்லுங்கள். குலதெய்வக் கோயிலுக்குச் செல்லும்போது அங்கு நின்றபடியே கூகுள் மேப்ஸில் இடத்தைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அடுத்தது ஆவணங்கள். வங்கியில் கடன் மனுக்களோடு வந்த தாய்ப்பத்திரங்களை நான் நிறையப் படித்திருக்கிறேன். ‘இன்னார் பேரன், இன்னார் குமாரன்’ என்று தொடங்கும் பத்திரம் ஒரு வம்சாவளிக்குச் சமம். அவற்றைப் பகல் வெளிச்சத்தில் பக்கம் பக்கமாகப் படமெடுக்கலாம். பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் அரசுத் தளங்களில் பார்க்கலாம். இரண்டு செய்திகளை நினைவில் கொள்ள வேண்டும். பேரனுக்குப் பாட்டன் பெயரிடுவது நம் மரபு. ‘பேரன்’ என்ற சொல்லே ‘பெயரன்’ என்பதன் திரிபு. ஆதலால் ஒரே பெயர் ஒன்றுவிட்ட தலைமுறையில் திரும்ப வரும். தந்தை பெயரையும் ஒப்பிட்ட பின்பே முடிவு செய்க. மற்றொன்று, பழைய ‘செங்கற்பட்டு ஜில்லா’ 1997-இல் காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று பிரிந்தது. 2019-இல் காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு தனி மாவட்டமானது. ஊர் அசையாமல் இருக்க, மாவட்டத்தின் பெயர் மட்டும் மாறியிருக்கும்.

வங்கிப் பழக்கத்தால் ஓர் எச்சரிக்கை: பத்திரப் படங்களையும் பிறந்த தேதிகளையும் வாட்ஸ்அப் குழுக்களில் பரப்பாதீர்கள். மோசடிக்காரர்களுக்கு அவை திறவுகோல். வங்கிப் பெட்டகத்துக்கு இருவரிடம் சாவி இருப்பதுபோல், பதிவுகளின் படிகளும் குடும்பத்தில் இருவரிடம் இருக்கட்டும். கைபேசி பழுதாகலாம், பெயர்களை ஒரு நோட்டுப் புத்தகத்திலும் எழுதி, பூஜை அறையில் பஞ்சாங்கத்தோடு வையுங்கள்.

கைபேசியை இயக்கத் தெரியவில்லையே என்ற கூச்சம் வேண்டாம். அதை இயக்கப் பேரன், பேத்தியர் இருக்கின்றனர். சொல்வதற்குத்தான் நம்மைத் தவிர ஆளில்லை. அடுத்த அமாவாசைக்குள் மூன்று பெயர்களையாவது அவர்களிடம் ஒப்படைத்துவிடுவோம்.