கைடு புத்தகத்தின் முதல் பொய்

ஜப்பான் போகிறவர்கள் பெரும்பாலும் விமானம் ஏறும் முன்பே ஒரு சூத்திரத்தை மனப்பாடம் செய்துகொள்கிறார்கள். வாசலில் தோரீ என்கிற இரட்டைத் தூண் வாயில் நின்றால் அது ஷிண்டோ கோயில். உள்ளே இருப்பது கமி. இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி, மறுபடி ஒருமுறை குனிய வேண்டும். வாசலில் முரட்டுக் காவல் வீரர்கள் முறைத்துக்கொண்டு நின்று, உள்ளே புத்தர் உட்கார்ந்திருந்தால் அது பௌத்தக் கோயில். அங்கே கைதட்டக் கூடாது, கும்பிட்டால் போதும். முன்னது ஜப்பானின் சொந்தச் சரக்கு, இயற்கையை வணங்கும் ஆதி மதம். பின்னது ஆறாம் நூற்றாண்டில் கொரியா வழியாக வந்த இறக்குமதி. இரண்டும் சண்டை சச்சரவு இல்லாமல் பக்கத்துப் பக்கத்து வீட்டில் குடியிருக்கின்றன. ஆஹா, என்ன நாகரிகமான நாடு!

கைடு புத்தகத்தின் முதல் அத்தியாயம் இது. பயண வலைப்பதிவுகளும் வீடியோக்களும் இதையேதான் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. படிக்கச் சுலபம், பரீட்சைக்கும் உதவும். ஒரே ஒரு குறை: இதில் பெரும்பகுதி ஓர் அரசாங்க உத்தரவு. வருடம் 1868.

உத்தரவின் கதைக்கு முன்னால் ஒரு காட்சி. ஹிரோஷிமா பக்கத்தில் மியாஜிமா தீவு, இட்சுகுஷிமா கோயில். கடலுக்குள் நிற்கும் அந்தச் செந்நிறத் தோரீயைக் காலண்டரில் பார்க்காதவர்கள் குறைவு. சூத்திரப்படி சந்தேகமே இல்லாமல் ஷிண்டோ. பயணி படமெடுத்துக்கொண்டு திரும்புகிறார். கோயிலுக்குப் பின்னால் மேட்டின் மேல் ஒரு ஐந்தடுக்குக் கோபுரம்! 1407இல் கட்டியது. ஐந்தடுக்குக் கோபுரம் என்பது பௌத்தத்தின் ஸ்தூபி வம்சம், ஷிண்டோவுக்கும் அதற்கும் என்ன உறவு? அதன் பக்கத்தில் செஞ்சோகாகு என்ற பிரம்மாண்டமான மர மண்டபம். போரில் செத்தவர்களுக்காகப் பௌத்த சூத்திரங்களை ஓதுவதற்கென்று ஹிதெயோஷி 1587இல் தொடங்கி, அவர் 1598இல் செத்துப்போனதால் முடிக்காமலே விடப்பட்டது. இன்று அதுவும் ஷிண்டோ கோயில். அங்கே சாமி யார் தெரியுமா? ஹிதெயோஷியேதான்.

அந்தத் தோரீயையே சற்று உற்றுப் பார்க்கலாம். பெரிய தூண்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் சின்னத் துணைத்தூண்கள் இருக்கின்றன. இந்த வடிவத்துக்கு ‘ரியோபு’ தோரீ என்று பெயர். ரியோபு என்பது ஷிங்கோன் பௌத்தத்தின் இரட்டை மண்டலங்களைக் குறிக்கும் சொல். பௌத்தத்தையும் கமி வழிபாட்டையும் ஒன்றாகக் குழைத்த மரபுக்கும் அதே பெயர்தான். அதாவது, ‘தூய ஷிண்டோ’வுக்கு அடையாளமாக உலகமெங்கும் ஒட்டப்படுகிற போஸ்டரில் இருப்பது கலப்பு மதத்தின் பெயர் தாங்கிய வாசல். இப்போது நிற்கும் தோரீ 1875இல் வைத்தது என்பது உபரித் தகவல்.

கைடு இதற்கெல்லாம் ஒரு பதில் வைத்திருக்கிறார்: “இது ஒரு விதிவிலக்கு.” நிக்கோ போனால் அங்கேயும் விதிவிலக்கு. தோஷோகுவில் கல் தோரீயைத் தாண்டினால் இடது பக்கம் ஐந்தடுக்குக் கோபுரம். நாராவில் விதிவிலக்கு, கியோட்டோவில் நாலு விதிவிலக்கு. போகிற இடமெல்லாம் விதிவிலக்கு என்றால் விதியில்தான் கோளாறு என்று சந்தேகப்பட வேண்டாமா?

நடந்தது இதுதான். எட்டாம் நூற்றாண்டு தொடங்கி ஆயிரம் வருடத்துக்கும் மேலாக ஜப்பானியர்கள் பெரும்பாலும் இரண்டையும் ஒரே இடத்தில்தான் கும்பிட்டார்கள். கமிகள் என்பவர்கள் புத்தர்களும் போதிசத்துவர்களும் ஜப்பான் மக்களுக்காக எடுத்த உள்ளூர் வடிவங்கள் என்று ஒரு தத்துவமே இருந்தது. (அவதாரக் கதைகளில் ஊறிய தமிழ் வாசகருக்கு இதை விளக்கவே தேவையில்லை.) கமிக்கு முன்னால் பிக்குகள் சூத்திரம் ஓதினார்கள். பெரிய ஷிண்டோ கோயில்கள் பலவற்றின் நிர்வாகமே பிக்குகள் கையில் இருந்தது. போர்க்கடவுள் ஹாச்சிமானுக்கு ‘மகா போதிசத்துவர்’ என்று பட்டம். நாராவின் தோதாய்ஜியில் அந்தப் போர்க்கடவுள் மொட்டைத் தலையோடு பிக்கு வேடத்தில் சாந்தமாக உட்கார்ந்திருக்கிறார், கைகேய் என்ற சிற்பி 1201இல் செய்த சிலையில். அன்றைய விவசாயி ஒருவரை நிறுத்தி “நீ ஷிண்டோவா, பௌத்தமா?” என்று கேட்டிருந்தால் கேள்வியே புரிந்திருக்காது.

1868இல் ஷோகுன் ஆட்சி கவிழ்ந்து மெய்ஜி அரசு வந்தது. சக்கரவர்த்தியைச் சூரிய தேவியின் நேர் வாரிசு என்று நிறுத்தி நாட்டை நடத்த வேண்டும். அதற்குக் கமிகள் சுத்தமாக, சுதேசியாக, தனியாக இருந்தாக வேண்டும். எங்கோ வெளிநாட்டில் பிறந்த ஒருவரின் உள்ளூர்ப் பிரதிநிதியாகச் சூரிய தேவி இருப்பது சரிப்படுமா? உத்தரவுகள் வரிசையாக வந்தன. கமி கோயிலில் இருக்கும் பிக்குகள் துறவை விட்டு முடி வளர்க்க வேண்டும். கமிகளுக்குப் பௌத்தப் பெயர் கூடாது. கருவறையில் புத்தர் சிலை இருந்தால் எடுத்துவிட வேண்டும். மணி, சேகண்டி எல்லாம் வெளியே.

உத்தரவு வந்த சில நாட்களிலேயே பிவா ஏரிக்கரையிலுள்ள ஹியோஷி கோயிலில் ஆயுதம் தாங்கிய கூட்டம் ஒன்று கருவறைகளை உடைத்துப் புகுந்தது. சிலைகளையும் சூத்திரங்களையும் வெளியே இழுத்துப் போட்டுக் கொளுத்தியது. கூட்டத்தை நடத்திப் போனவர்கள் வெளியாள் இல்லை, ஷிண்டோ பூசாரிகள்தான். தெற்கே சாட்சுமாவில் (இன்றைய ககோஷிமா) ஆயிரத்துக்கு மேற்பட்ட பௌத்தக் கோயில்கள் ஒழிக்கப்பட்டன. ‘பிரிக்கத்தான் சொன்னோம், இடிக்கச் சொல்லவில்லை’ என்று அரசு கையைக் கழுவிக்கொண்டது. எல்லா ஊர் அரசுக்கும் தெரிந்த வசனம்தான்!

இந்த இடத்தில் நாராவைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். பயணிகள் நாராவுக்குப் போவது மானுக்கு பிஸ்கட் போட. ரயில் நிலையத்திலிருந்து நடந்தால் எந்த இடத்தில் ஊர் முடிகிறது, எந்த இடத்தில் கோஃபுகுஜி கோயில் தொடங்குகிறது என்றே தெரியாது. சுவர் இல்லை. மான் பாட்டுக்கு வருகிறது, போகிறது. ‘எல்லையற்ற கோயில், இயற்கையோடு இணைந்த வாழ்வு’ என்று புல்லரித்து எழுதியவர்கள் உண்டு. ஆனால் கோஃபுகுஜிக்குச் சுவர் இருந்தது. ஃபுஜிவாரா வம்சத்தின் கோயில் அது. பக்கத்துக் காசுகா கோயில் அதே வம்சத்தின் கமி கோயில். இரண்டும் ஒரே உடம்பாக வாழ்ந்தவை. 1868இல் கோஃபுகுஜியின் பிக்குகள் கூண்டோடு துறவைத் துறந்து காசுகாவின் பூசாரிகளானார்கள். ஒரு காலத்தில் நாரா பகுதியையே ஆண்ட கோயில் ஆளில்லாமல் அனாதையானது. சுவர்களை இடித்தார்கள், மரங்களை நட்டார்கள். 1880இல் அது நாரா பூங்காவானது. 1426இல் கட்டிய ஐம்பது மீட்டர் ஐந்தடுக்குக் கோபுரம் அடிமாட்டு விலைக்குப் போனதாகவும், வாங்கியவர் அதைக் கொளுத்திவிட்டு உலோகத்தை மட்டும் பொறுக்கிக்கொள்ள நினைத்ததாகவும், தீ பரவுமே என்று அக்கம்பக்கத்தார் தடுத்ததாகவும் ஒரு கதை சொல்வார்கள். விலை ஆளுக்கு ஒன்றாகச் சொல்லப்படுகிறது, ஆகவே கதையைக் கதையாகவே வைத்துக்கொள்ளலாம். கைகேய் 1189இல் செதுக்கிய கோஃபுகுஜியின் மைத்ரேயர் இன்று இருப்பது அமெரிக்காவில், பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில். இது கதை இல்லை, போய்ப் பார்க்கலாம்.

கமாகுரா இன்னும் மோசம், ஏனென்றால் அங்கே தடயம்கூட இல்லை. ட்சுருகாஓகா ஹாச்சிமான் கோயிலின் அகன்ற படிக்கட்டில் ஏறி, செந்நிறக் கட்டடங்களைப் பார்த்து, ‘அக்மார்க் ஷிண்டோ’ என்று பயணி குறித்துக்கொள்கிறார். அந்த வளாகத்தில் ஒரு பெரிய கோபுரமும் இன்னும் பல பௌத்தக் கட்டடங்களும் நின்றன. 1860களில் ஃபெலிசே பியாட்டோ என்ற புகைப்படக்காரர் அந்தக் கோபுரத்தைப் படமெடுத்து வைத்திருக்கிறார். 1870இல் எல்லாவற்றையும் இடித்துத் தள்ளினார்கள். வாசலைக் காத்த நியோ வீரர்கள் இருவரும் ஊருக்குள்ளேயே ஜுஃபுகுஜி என்ற கோயிலில் அகதிகளானார்கள். அந்த வெற்று மைதானத்தைப் பார்த்துவிட்டுத்தான் ‘ஷிண்டோவின் எளிமை’ என்று எழுதுகிறார்கள். இடித்த இடம் எளிமையாகத்தான் இருக்கும்.

இந்தியப் பயணிகளுக்கும் ஒரு குட்டு பாக்கி இருக்கிறது. ஜப்பானில் சரஸ்வதி இருக்கிறாள் என்று யாரோ சொல்லக் கேட்டு, பென்சாய்தெனைக் கண்டுபிடித்து, ‘நம்ம ஆள்தான்’ என்று மார்தட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். அவள் சரஸ்வதிதான், மறுக்கவில்லை. கையில் வீணைக்குப் பதில் பிவா. ஆனால் அவளுக்கு அங்கே என்ன ஆனது என்று யாரும் விசாரிப்பதில்லை. இட்சுகுஷிமாவில் அவளும் அங்குள்ள கமியும் ஒருவரே என்றுதான் நூற்றாண்டுகளாகக் கும்பிட்டார்கள். மெய்ஜி உத்தரவுக்குப் பின் அவளை அந்தக் கோயிலிலிருந்து கிளப்பி, பக்கத்திலுள்ள தைகான்ஜிக்கு அனுப்பினார்கள். ஐந்தடுக்குக் கோபுரத்திலிருந்த புத்தரும் அங்கேதான் போனார். கியோட்டோவின் கியோன் கதையும் இதேபோல்தான். கியோன் என்பது புத்தர் தங்கிய ஜேதவனத்தின் ஜப்பானியப் பெயர்ச் சுருக்கம். ஜேதவனத்தின் காவல் தெய்வமாகக் கருதப்பட்ட மாட்டுத்தலை தெய்வம் கோஸு தென்னோதான் அங்கே மூலவர். 1868இல் அவர் பெயரை நீக்கி, மூலவர் சுசானோஓ என்று அறிவித்து, கோயிலுக்கும் யசாகா என்று புதுப்பெயர் சூட்டினார்கள். தெருவுக்கும் திருவிழாவுக்கும் மட்டும் பழைய பெயர் ஒட்டிக்கொண்டது.

எதிர்க்கட்சி வாதத்தையும் கேட்டுவிட வேண்டும். பிரிவினை முழுக்க மெய்ஜி அரசின் கற்பனை இல்லை. இசே பெருங்கோயிலில் பழங்காலத்திலேயே பௌத்தச் சொற்களை உச்சரிக்கத் தடை இருந்தது. மொட்டை அடித்த பிக்குவை அங்கே ‘நீள்முடியான்’ என்றுதான் குறிப்பிட வேண்டும் (நக்கல் ரொம்பப் பழையது!). தவிர, பௌத்தக் கோயில்கள் மீது ஜனங்களுக்குக் கோபம் இருந்ததும் உண்மை. கிறிஸ்தவர் இல்லை என்று நிரூபிக்க ஒவ்வொரு குடும்பமும் ஒரு கோயிலில் பதிந்தாக வேண்டும் என்று ஷோகுன் ஆட்சி சட்டம் போட்டிருந்தது. பிக்குகள் பாதி கிராம அதிகாரிகளாக நடந்துகொண்டார்கள். இன்றைய ஜப்பானியர் புத்தாண்டுக்கு ஷிண்டோ கோயிலுக்கும் சாவுக்குப் பௌத்தக் கோயிலுக்கும் போகிறார். நூற்றைம்பது வருடம் ஒரு பழக்கம் நின்றால் அதுவும் மரபுதான். எல்லாம் சரி. ஆனால் இதில் எது, பயணிக்கு ‘ஆதிகாலந்தொட்டு இப்படித்தான்’ என்று சொல்ல உரிமை தருகிறது?

இது வெறும் தொல்லியல் தகராறு இல்லை. அந்தப் பிரித்தெடுத்த ஷிண்டோவை வைத்துத்தான் அரசு ஒரு தேசிய வழிபாட்டைக் கட்டியது. கோயில்கள் அரசின் அங்கமாயின, சக்கரவர்த்திக்காகச் சாவது பக்தியானது. 1945 டிசம்பரில் ஆக்கிரமிப்புப் படைகளின் உத்தரவு வந்துதான் அரசுக்கும் ஷிண்டோவுக்கும் இருந்த கட்டு அறுந்தது. ‘காட்டையும் மலையையும் வணங்கும் அப்பாவி மதம்’ என்ற வர்ணனையில் அந்த எழுபத்தேழு வருடங்கள் காணாமல் போய்விடுகின்றன. பயணி ஆதி ஜப்பானை உணர்ந்ததாகக் கண்மூடி நிற்கும் இடங்களின் வயதைப் பாருங்கள்: காஷிஹாரா 1890, கியோட்டோவின் ஹெய்யான் 1895, டோக்கியோவின் மெய்ஜி கோயில் 1920. மெய்ஜி கோயிலின் அந்த அடர்ந்த ‘ஆதிவனம்’ ஆட்களை வைத்து நட்டது. அந்தக் கைதட்டல் கணக்கும் மெய்ஜி அரசின் சடங்கு விதிகளிலிருந்து படிப்படியாகப் பொதுவாக்கப்பட்டதுதான். இசுமோவிலும் உசாவிலும் இன்றைக்கும் நாலு தட்டல். ஆனால் ஒரு வெளிநாட்டுக்காரர் தட்டலில் ஒன்று தவறினால் கைடு பதறிப்போகிறார்!

இத்தனைக்கும் உண்மையைச் சொல்வது கஷ்டமே இல்லை. நிக்கோவில் 1871இல் பிரிக்கப்பட்டவை மூன்று: தோஷோகு, ஃபுதாராசான், ரின்னோஜி. மலை ஒன்று, வேலி மூன்று. தோஷோகு வாசலின் நியோ வீரர்களைக்கூட அப்போது வெளியேற்றினார்கள், பிறகு திரும்பக் கொண்டுவந்து வைத்தார்கள். “இந்த வீரர்கள் ஒருமுறை துரத்தப்பட்டவர்கள்” என்று அந்த வாசலில் நின்று சொல்ல ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தில் பயணி எதைக் கேட்கத் தொடங்குவார் என்பதுதான் பிரச்சினை போலிருக்கிறது.

தைகான்ஜி, இட்சுகுஷிமா கோயிலை விட்டு வெளியேறும் வழியிலேயே இருக்கிறது. பெரும்பாலானவர்கள் அதைத் தாண்டிப் படகுத்துறைக்கும் சிப்பிக் கடைக்கும் போய்விடுகிறார்கள். பென்சாய்தென் அங்கே ஆண்டுக்கு ஒருமுறை, ஜூன் 17 அன்று, தரிசனம் தருகிறாள். அவள் முன்பு இருந்த இடம் அங்கிருந்து நாலு எட்டுதான்.