பிரமி நடுமுன் கேட்க வேண்டியவை

வல்லாரை தின்றால் ஞாபகசக்தி வளரும் என்று பிள்ளைகளுக்குத் துவையல் அரைத்துக் கொடுப்பது நம் வீடுகளில் நெடுநாள் வழக்கம். அந்த நம்பிக்கை இன்று சூரணமாகவும் மாத்திரையாகவும் கடைக்கு வந்துவிட்டது. ஆகவே வாய்க்காலோரம் தானே முளைக்கும் வல்லாரையையும் நீர்ப்பிரமியையும் பயிராகவே வைத்தால் என்ன என்ற ஆசை சிறு விவசாயிகளுக்கு எழுவது இயல்பே. வைக்கலாம், அவசரம் வேண்டாம் என்பதே என் கருத்து.

வடக்கே இந்த இரண்டு செடிகளுக்குமே 'பிரமி' என்ற பெயர் வழங்குகிறது. வல்லாரை வட்ட இலையுடன் தரையில் ஓடிக் கணுவுக்குக் கணு வேர்விடும். நீர்ப்பிரமியின் இலை சிறியது, தடித்தது. வியாபாரி பிரமி கேட்டாரென்று ஒன்றை நட்டு, அறுவடையன்று "நான் கேட்டது இதுவல்ல" என்ற பதில் வந்தால் நஷ்டம் நமக்குத்தான். செடியைக் காட்டிப் பேசுங்கள். விலை பச்சைத் தழைக்கா, காய்ந்த சரக்குக்கா என்பதை எழுதி வாங்குங்கள். பத்து மூட்டை பச்சைத் தழை காய்ந்தால் ஒன்றரை மூட்டை தேறுவதே அரிது.

சாக்கடை கலக்கும் வாய்க்காலிலும், சாயக் கழிவு ஓடும் ஓடையிலும் இவற்றை வளர்க்கவும் கூடாது, பறிக்கவும் கூடாது. காட்மியம், காரீயம் போன்ற நஞ்சுகளை உறிஞ்சித் தன்னுள் சேர்த்துக்கொள்ளும் குணம் நீர்ப்பிரமிக்கு உண்டு. மூளைக்கு மருந்தென்று மூளைக்கு ஆகாததைத் தின்னக் கொடுப்பதா?

குணத்தைப் பற்றியும் உள்ளதைச் சொல்லவேண்டும். நீர்ப்பிரமிச் சாற்றை லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் நெடுங்காலம் ஆராய்ந்தது. 2001-ல் ஆஸ்திரேலியாவில் ஆரோக்கியமானவர்களுக்குத் தினம் 300 மில்லிகிராம் சாறு கொடுத்துப் பார்த்ததில், 12 வாரம் கழித்துக் கற்கும் திறனில் ஓரளவு முன்னேற்றம் தெரிந்தது. வல்லாரை பற்றிய சோதனைகளை 2017-ல் சேர்த்துப் பார்த்தபோது நினைவாற்றலில் தெளிவான பலன் காணப்படவில்லை. முதுமை மறதி நோயைத் தடுக்கும் என்று இரண்டில் எதற்கும் நிரூபணம் இல்லை. பெரிதாகப் பேசப்பட்ட ஜிங்கோ இலைச் சாற்றை அமெரிக்காவில் 3,000-க்கு மேற்பட்ட முதியவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள்; அது மறதி நோயைத் தடுக்கவில்லை என்று 2008-ல் முடிவு வந்தது.

செடியிலிருந்து மருந்தே வராது என்பதல்ல. பனித்துளிப் பூச்செடியில் கண்டெடுத்த கலன்டமின், 2001-ல் அமெரிக்காவில் அல்சைமர் நோய்க்கு அனுமதி பெற்றது. அதற்காகவே வேல்ஸ் நாட்டு மலைமேய்ச்சல் நிலங்களில் நார்சிசஸ் மலர்களைப் பயிரிடுகிறார்கள். அதுவும் நோயைக் குணப்படுத்துவதில்லை, அறிகுறிகளைச் சற்றுத் தணிப்பதே.

வல்லாரைத் துவையலைத் தாராளமாகச் சாப்பிடுங்கள், கீரை கீரைதான். ஆனால் வீட்டுப் பெரியவர் கடைக்குப் போன வழியை மறந்து திகைக்கிறார் என்றால் கீரையை நம்பி மாதங்களைக் கடத்தாதீர்கள். பி12 சத்துக் குறைவாலும் தைராய்டு கோளாறாலும் கூட மறதி வருவதுண்டு. அதை ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்கலாம், மருந்தால் சரிசெய்யவும் வழியுண்டு.