சங்கிலி எங்கே அறுகிறது?

நீண்ட வார இறுதியின் அதிகாலையில் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியைக் கடந்து வடக்கே செல்லும் மோட்டார்சைக்கிள்களைப் பார்ப்பவர்களுக்குச் சிங்கப்பூர் எவ்வளவு சிறிய தீவு என்பது புரியும். கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரைவரை ஏறத்தாழ 50 கிலோமீட்டர்தான். ஆசைப்பட்டு மோட்டார்சைக்கிள் வாங்கியவருக்கு அந்தத் தொலைவு எப்படிப் போதும்? பத்துமலை, பினாங்கு, அதையும் தாண்டித் தாய்லாந்தின் ஹட்யாய் என்று அவரது மனம் ஓடுகிறது. 1994ஆம் ஆண்டில் முழுமையடைந்த மலேசியாவின் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை, ஜோகூரிலிருந்து தாய்லாந்து எல்லைவரை 700 கிலோமீட்டருக்கும் அதிகமாக நீண்டு கிடக்கிறது. மோட்டார்சைக்கிள்களுக்கு அதில் சாலைக் கட்டணமும் இல்லை. அப்புறம் என்ன தயக்கம்?

அப்படிச் சென்று திரும்பும் ஒருவரின் வண்டி யோங் பெங் அருகே நின்றுவிடுவதாகக் கற்பனை செய்து பாருங்கள். இயந்திரம் அணையவில்லை. கைப்பிடியை முறுக்கினால் உறுமுகிறது. ஆனால், வண்டி ஓர் அடிகூட நகர மறுக்கிறது. குனிந்து பார்த்தால், பின்சக்கரத்தைச் சுழற்ற வேண்டிய சங்கிலியைக் காணவில்லை. அது அறுந்து, பின்னால் எங்கோ சாலையில் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாலை, சுற்றிலும் செம்பனைத் தோட்டம், மறுநாள் காலை எட்டு மணிக்கு வேலை. "இன்றைக்கு யார் முகத்தில் விழித்தேனோ!" என்று அவர் நொந்துகொள்ளலாம்.

யார் முகத்தின் மேலும் பழி போடத் தேவையில்லை. அந்தச் சங்கிலி யோங் பெங்கில் அறுபடவில்லை. பல வாரங்களுக்கு முன்பே, அவர் வசிக்கும் புளோக்கின் கீழுள்ள வாகன நிறுத்துமிடத்தில், அது அறுபடத் தொடங்கிவிட்டது.

இதைப் புரிந்துகொள்ளச் சங்கிலியின் அமைப்பைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். சுவிட்சர்லாந்தில் பிறந்து, இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் தொழில் நடத்திய ஹான்ஸ் ரெனால்ட் என்பவர் 1880ஆம் ஆண்டில் உருவாக்கிய உருளைச் சங்கிலிதான் இன்றும் பெரும்பாலான மோட்டார்சைக்கிள்களில் ஓடுகிறது. ஒரு சங்கிலியில் பொதுவாக நூறுக்கும் மேற்பட்ட கண்ணிகள் இருக்கும். ஒவ்வொரு கண்ணியிலும் ஓர் ஊசி, அந்த ஊசியைச் சுற்றி ஒரு சிறிய குழாய், அதன்மேல் உருளும் உருளை. பழைய சங்கிலி நீண்டுவிட்டது என்று நாம் சொல்வோம். உண்மையில், இரும்பு இழுபட்டு நீள்வதில்லை. ஊசியும் குழாயும் ஒன்றோடொன்று உரசித் தேய்வதால் இடைவெளி கூடுகிறது. ஒரு கண்ணியில் பத்தில் ஒரு மில்லிமீட்டர் தேய்ந்தால் அது கண்ணுக்கே தெரியாது. நூறு கண்ணிகளில் அப்படித் தேய்ந்தால், சங்கிலி ஒரு சென்டிமீட்டர் நீண்டுவிடும். பிறகு அது பற்சக்கரத்தின் பற்களில் சரியாகப் பொருந்தாது. பொருந்தாத சங்கிலி பற்களைத் தேய்க்கும். தேய்ந்த பற்கள் சங்கிலியை மேலும் கெடுக்கும். அதனால்தான் அனுபவமுள்ள மெக்கானிக்குகள், புதுச் சங்கிலியைப் பழைய பற்சக்கரத்தில் மாட்டச் சம்மதிப்பதில்லை.

இவ்வளவும் சத்தமில்லாமல் நடப்பதில்லை என்பதுதான் முக்கியம். தளர்ந்த சங்கிலி புறப்படும்போதும் வேகத்தைக் குறைக்கும்போதும் 'டக்' என்று அடிக்கும். எண்ணெய் வற்றிய கண்ணிகளின் ஓரத்தில் துருவின் செம்மண் நிறத் தூசி படியும். பற்சக்கரத்தின் பற்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து, சுறாமீனின் துடுப்பைப் போலக் கூர்மையாகும். கீழ்ப்பக்கச் சங்கிலியின் நடுவில் விரலை வைத்து மேலும் கீழும் அசைத்தால், பல வண்டிகளில் அது இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான் அசைய வேண்டும். அதைவிட அதிகமானால் தளர்ச்சி. குறைந்தாலும் ஆபத்துதான், பள்ளத்தில் வண்டி இறங்கும்போது விறைத்த சங்கிலி கியர்பெட்டியின் தண்டையே இழுத்துச் சேதப்படுத்தும். 500 முதல் 1,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய் இடும்படி கையேடுகள் சொல்கின்றன. சிங்கப்பூரைப் போல அடிக்கடி மழை பெய்யும் ஊரில் அந்த இடைவெளி இன்னும் குறைய வேண்டும். ஆண்டுக்கொரு முறை பரிசோதனை நிலையத்துக்குச் செல்வதே போதும் என்று நினைப்பவர்கள், சங்கிலியின் ஆயுள் நாள்காட்டியைப் பார்த்து முடிவதில்லை என்பதை மறந்துவிடுகிறார்கள்.

அறுந்தால் என்ன, தள்ளிக்கொண்டு போகலாமே என்று நினைக்கவும் கூடாது. வேகமாகச் செல்லும்போது அறுபடும் சங்கிலி எப்போதும் நல்லபிள்ளையாகக் கீழே விழுந்துவிடுவதில்லை. சில வேளைகளில் அது முன்பற்சக்கரத்தில் சுருண்டு இயந்திரத்தின் உறையையே உடைத்துவிடும். இன்னும் சில வேளைகளில் பின்சக்கரத்தில் சிக்கி அதைச் சுழலவிடாமல் பூட்டிவிடும். மலேசியச் சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார்சைக்கிளில் செல்பவர்கள். பின்னால் ஒரு கனரக வாகனம் வந்துகொண்டிருக்கும்போது சக்கரம் பூட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இவ்வளவு தெளிவாக எச்சரிக்கும் ஒரு பொருளை ஏன் பலர் கவனிப்பதில்லை? சோம்பல் என்று சொல்லிவிடலாம். ஆனால், அது பாதிக் காரணம்தான். மறுபாதி, சிங்கப்பூரின் வசதி. இங்கே விரைவுச்சாலையில் வண்டி நின்றுவிட்டால், நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்புச் சேவை அதை அருகிலுள்ள குறிப்பிட்ட கார் நிறுத்துமிடத்துக்குக் கட்டணமின்றிக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. தேக்கா சந்தையில் காலை உணவை முடித்துவிட்டுச் சற்று நேரம் நடந்தால் ஜாலான் புசார் வட்டாரம். மோட்டார்சைக்கிள் கடைகள், உதிரிப்பாகக் கடைகள், கருவிக் கடைகள் என்று அங்கே கேட்டது கிடைக்கும். அருகிலிருந்த சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை 2017ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் தேதி மூடப்படும்வரை, கைக்குப் பழகிய பழைய ஸ்பேனர்களைத் தேடியும் அங்குப் பலர் வருவார்கள். எல்லாமே பக்கத்தில் இருக்கும்போது, சொந்த வண்டியைக் குனிந்து பார்க்க வேண்டும் என்ற எண்ணம் எப்படித் தோன்றும்? உதவி எட்டும் தூரத்தில் இருப்பது நல்லதுதான். ஆனால், அந்த வசதி கடற்பாலத்தோடு முடிந்துவிடுகிறது. பழக்கம் மட்டும் அதைத் தாண்டிக் கூடவே வருகிறது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மோட்டார்சைக்கிளுக்கான வாகன உரிமைச் சான்றிதழின் விலை 2022ஆம் ஆண்டில் 10,000 வெள்ளியைத் தாண்டியது. அவ்வளவு பணத்தைக் கொடுத்துச் சாலையில் ஓடும் உரிமையை வாங்கியவர், அந்த வண்டியை ஓடவைக்கும் சங்கிலியை மாற்றச் சில நூறு வெள்ளிக்குக் கணக்குப் பார்க்கிறார்.

"இன்றைய வண்டிகள் சிக்கலானவை. தெரியாதவர்கள் கைவைத்தால் இன்னும் கெட்டுவிடும். அதைத் தெரிந்தவர்களிடம் விட்டுவிடுவதே மேல்," என்று சிலர் வாதிடுகிறார்கள். இதில் நியாயம் இல்லாமல் இல்லை. பெரிய வண்டிகளின் சங்கிலியை இணைக்கும் கண்ணியை அதற்கென்றே உள்ள கருவியால் அழுத்திப் பொருத்த வேண்டும். ஸ்கூட்டரின் உள்ளே இருக்கும் பெல்ட் அறுந்தால் சாலையோரத்தில் எதுவும் செய்ய முடியாது. கியர்பெட்டிக்குள் பல் உடைந்தால் வண்டியை ஏற்றிச் செல்ல வேண்டியதுதான். ஆனால், பழுதுபார்ப்பது வேறு, பார்ப்பது வேறு. காய்ச்சல் இருக்கிறதா என்று நெற்றியில் கைவைத்துப் பார்க்கத் தாய்க்கு மருத்துவப் பட்டம் தேவையில்லை. சங்கிலியில் விரலை வைத்துத் தளர்ச்சியைப் பார்ப்பதும் அவ்வளவுதான்.

வேறு சிலரோ, பழுதுதான் பயணத்துக்கே சுவை என்பார்கள். 1952ஆம் ஆண்டில் சே குவேராவும் அவருடைய நண்பர் அல்பெர்ட்டோ கிரனாடோவும் தென்னமெரிக்காவைச் சுற்றிப் பார்க்கப் பழைய நார்ட்டன் மோட்டார்சைக்கிள் ஒன்றில் புறப்பட்டார்கள். அது வழியெங்கும் பழுதாகி, கடைசியில் சிலி நாட்டில் கைவிடப்பட்டது. அதன்பின் கால்நடையாகவும் லாரியிலும் கப்பலிலும் சென்றதால்தான் அவர்கள் சாதாரண மக்களோடு நெருங்கிப் பழக முடிந்தது. அது உண்மைதான். நடுவழியில் நிற்கும் அந்நியருக்குத் தண்ணீர் கொடுத்து, தெரிந்த பட்டறைக்குத் தொலைபேசியில் பேசி, தம் வண்டியிலேயே ஏற்றிச் செல்லும் மனிதர்கள் ஜோகூரின் கம்பங்களிலும் இருக்கிறார்கள். ஆனால், வண்டியை விட்டுவிட்டு நடந்து போகக்கூடியவர்களுக்குத்தான் பழுது ஓர் அனுபவம். எல்லாராலும் அப்படிப் போக முடியுமா?

கடற்பாலத்தில் விடிவதற்கு முன்பே நெருக்கியடித்துக்கொண்டு வரும் சிறிய 'கப்சாய்' வண்டிகளைப் பார்த்தால் பதில் கிடைக்கும். 1924ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தின் நீளம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர்தான். ஜோகூரில் குடும்பத்தை வைத்துக்கொண்டு சிங்கப்பூரில் வேலை செய்வோர் நாள்தோறும் அதைக் கடக்கிறார்கள். அவர்களில் தமிழர்களும் பலர். துவாஸில் வேலைக்கு வரும் ஒருவருக்கு வீடு நிலப்படத்தில் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால், இரவு பத்து மணிக்கு விரைவுச்சாலையில் சங்கிலி அறுந்தால் அந்த வீடு எட்டாத தூரத்துக்குப் போய்விடும். நாள் சம்பளத்துக்கு வேலை செய்பவராயின் மறுநாள் கூலியும் போய்விடும். தொலைவு என்பது கிலோமீட்டரில் மட்டும் அளக்கப்படுவதில்லை.

இவர்களைப் பார்த்து, "ஏன் வாரந்தோறும் எண்ணெய் இடவில்லை?" என்று கேட்பது எளிது. அதிகாலை நான்கு மணிக்குப் புறப்பட்டு இரவில் வீடு திரும்புபவர் எப்போது இடுவார்? இங்கேதான் முதலாளிகளுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. ஊழியர்கள் பலர் மோட்டார்சைக்கிளில் வரும் தொழிற்சாலைகளில், கூரையுள்ள ஓர் இடத்தையும் ஒரு போத்தல் சங்கிலி எண்ணெயையும் சில கருவிகளையும் வைக்க எவ்வளவு செலவாகும்? வாரத்தில் ஒரு நாள் கால்மணி நேரம் ஒதுக்கினால் போதும். சங்கிலி அறுந்து ஊழியர் வராத ஒரு நாளின் இழப்போடு ஒப்பிட்டால் அது மிகச் சிறிய தொகை. உணவு விநியோகம் செய்யும் மோட்டார்சைக்கிளோட்டிகளுக்கும் இப்படி ஓர் ஏற்பாடு தேவை. ஒரு நாள் முழுவதும் தீவைச் சுற்றும் அவர்களின் சங்கிலி, வார இறுதிப் பயணிகளின் சங்கிலியைவிட வேகமாகத் தேய்கிறது.

எல்லாக் கவனத்தையும் மீறி, ஒரு நாள் சங்கிலி அறுந்தே விட்டால்? முதலில் காப்பாற்ற வேண்டியது வண்டியை அல்ல, உயிரை. வண்டியைச் சாலையோரத்தின் கடைசிவரை தள்ளிவிட்டு, இரும்புத் தடுப்புக்குப் பின்னால் போய் நிற்க வேண்டும். வண்டியின் அருகில் உட்கார்ந்து கைப்பேசியைப் பார்ப்பதுதான் மிகப் பெரிய தவறு. பிறகு, என்ன அறுந்தது என்று பார்க்க வேண்டும். இணைப்புக் கண்ணி மட்டும் கழன்றிருந்து சங்கிலி கையில் கிடைத்தால், பையில் இருக்கும் ஒரு மாற்றுக் கண்ணி வீடுவரை கொண்டுவந்து சேர்த்துவிடும். அதைப் பூட்டும் சிறிய கிளிப்பின் மூடிய முனை, சங்கிலி ஓடும் திசையை நோக்கி இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் அது மறுபடியும் கழன்று விழலாம்.

சங்கிலி முழுவதும் தொலைந்துபோனால், அதன் எண்ணைத் தெரிந்துவைத்திருப்பவருக்கே சீக்கிரம் உதவி கிடைக்கும். சிறிய வண்டிகளில் பெரும்பாலும் 420 அல்லது 428. பெரிய வண்டிகளில் 520, 525, 530. முதல் இலக்கம், கண்ணிகளுக்கு இடையிலான தூரத்தை அங்குலத்தின் எட்டில் ஒரு பங்காகச் சொல்கிறது. நான்கு என்றால் அரை அங்குலம். ஐந்து என்றால் அதைவிடச் சற்று அதிகம். ஒன்றுக்குரிய சங்கிலி மற்றொன்றின் பற்சக்கரத்தில் உட்காராது. யோங் பெங்கிலோ சிகாமட்டிலோ இருக்கும் சிறிய பட்டறையில் கப்சாய்க்கான சங்கிலி தொங்கிக்கொண்டிருக்கும். பல்லாயிரம் வெள்ளி கொடுத்து வாங்கிய பெரிய வண்டிக்கோ கோலாலம்பூரிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வரவழைக்க வேண்டியிருக்கும். நடுவழியில் எளிய வண்டிக்குத்தான் சொந்தங்கள் அதிகம்.

அந்த எளிய வண்டிகளுக்கு மூதாதை, 1958ஆம் ஆண்டில் வெளிவந்த ஹோண்டா சூப்பர் கப். 2017ஆம் ஆண்டுக்குள் அந்த வகை வண்டிகள் பத்துக் கோடி தயாரிக்கப்பட்டுவிட்டன. அதை வடிவமைத்தவர்கள், சேறும் மழைநீரும் படாமலிருக்கச் சங்கிலி முழுவதையும் ஓர் உறைக்குள் மூடிவைத்தார்கள். அந்த உறையில் ஒரு சிறிய ரப்பர் மூடியையும் வைத்தார்கள். அதைக் கழற்றினால், ஒரு விரலை உள்ளே விட்டுச் சங்கிலியின் தளர்ச்சியைப் பார்த்துவிடலாம். கடற்பாலத்தைக் கடக்கும் பழைய கப்சாய்களில் அந்த மூடி இன்றும் இருக்கிறது. பலவற்றில் அது ஒருமுறைகூடத் திறக்கப்படாமல் தூசி படிந்து இறுகிப்போயிருக்கிறது.