முத்திரையும் சரக்கும்

திருவொற்றியூரில் வங்கிக் குமாஸ்தா நான். ஐநூறு ரூபாய் நோட்டு வந்தால் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறேன். செக் வந்தால் கையெழுத்தை மாதிரியோடு ஒப்பிடுகிறேன். இதற்கு மேதாவிலாசம் வேண்டியதில்லை. நம் கல்வி ஸ்தாபனங்களில் இந்த அளவு சோதனைகூட நடப்பதில்லை என்பதே என் குற்றச்சாட்டு.

சென்ற மாதம் காசிமேட்டுப் பையன் ஒருவன், ஆய்வு மாணவன், கவுண்டருக்கு வந்தான். எண்ணூர்க் கழிமுகச் சேற்றில் படிந்த உலோகங்கள் பற்றி நான்கு வருஷ உழைப்பு. கட்டுரை அனுப்பிய இரண்டாம் நாளே ஏற்புக் கடிதம். நாலாயிரம் கட்டினால் அடுத்த இதழில். பணம் போகவேண்டியது ஒரு தனிநபரின் சேமிப்புக் கணக்குக்கு. பழைய இதழைக் காட்டச் சொன்னேன். மண்ணியலுக்குப் பக்கத்தில் வணிகவியல், அதற்கடுத்து சிலப்பதிகாரத்தில் மேலாண்மை. “ஐ.எஸ்.எஸ்.என். இருக்கு சார், கைடு சொன்ன பத்திரிகைதான்” என்றான். அது வெறும் அடையாள எண், தரச்சான்று அல்ல. தீஸிஸுக்கு முன் கட்டுரை கட்டாயம் என்ற விதியை மானியக் குழு 2022இல் எடுத்துவிட்டது. கைடுகளின் மனசிலிருந்து எடுக்கவில்லை.

இதே மானியக் குழு, தான் அங்கீகரித்த பட்டியலிலிருந்து 4,305 பத்திரிகைகளை 2018 மே மாதம் தானே நீக்கியது. 2019இல் ‘கேர்’ பட்டியல் வந்தது. 2025 பிப்ரவரியில் அதையும் கைவிட்டு, கல்வி நிறுவனங்களே தீர்மானிக்கட்டும் என்றது. பட்டியல் போனால் தரத்தை எப்படி அறிவது என்று பேராசிரியர்கள் புலம்புகிறார்கள். படித்துத்தான். வேறு வழி எப்போது இருந்தது? நா. வானமாமலை 1969இல் தொடங்கிய ‘ஆராய்ச்சி’ எந்தப் பட்டியலின் பலத்தில் நின்றது?

2013இல் ஜான் பொஹானன் வேண்டுமென்றே தவறுகள் வைத்த கட்டுரையை 304 பத்திரிகைகளுக்கு அனுப்பினார். 157 ஏற்றுக்கொண்டன. படித்திருந்தால் ஏற்றிருக்க முடியாது.

சோதனை எளிது. ஆசிரியர் குழுவில் பெயருள்ள ஒருவருக்கு எழுதிக் கேள். தன் பெயர் அங்கே இருப்பதே தெரியாதவர்கள் உண்டு. முகப்பில் ஸ்கோபஸ் என்று போட்டிருந்தால் ஸ்கோபஸின் பட்டியலிலேயே தேடு. நல்ல பத்திரிகையின் பெயரில் போலித் தளம் நடத்துவோரும் உண்டு, முகவரியையும் பார். கட்டணம் கேட்பது குற்றமல்ல, நல்லவையும் கேட்கின்றன. கட்டுரை பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காமல் கட்டணத்தை மட்டும் கேட்பதுதான் குற்றம்.

2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூரில் படகிலும் வலையிலும் அப்பிக்கொண்டது. நாளை அப்படியொரு வழக்கில் இந்தப் பையனின் அளவுகளை ஆதாரமாக வைத்தால், எதிர்த்தரப்பு வக்கீல் பத்திரிகையின் பெயரை வாசித்துக் காட்டினால் போதும். மெய்யான எண்கள் பொய் அட்டைக்குள் போய்ச் செத்துவிடும்.

நாம் மார்தட்டிக்கொள்ள வேண்டாம். நண்பனின் கவிதை என்றால் படிக்காமலே அச்சுக்கு அனுப்புகிறவர்கள் நம்மிடையேயும் உண்டு. பணம் கைமாறுவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

பையன் படிவத்தைக் கிழிக்கவில்லை. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனான்.