ஏரி நின்றது, குழாய் கிடந்தது

பணமில்லாமையால் பொதுத்திட்டங்கள் பாழாகின்றன என்பது ஆட்சியாளர்க்கு எளிய விடை. அறிவும் கருவியும் போதாமையால் என்பது அலுவலர்க்கு எளிய விடை. இவ்விரண்டும் சாக்குகளே என்பதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்லவேண்டியதில்லை. கடலூர் மாவட்டத்துக் காட்டுமன்னார்கோயிலை அடுத்து ஏறத்தாழ 16 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் வீராணம் ஏரி ஒன்றே போதும்.

பத்தாம் நூற்றாண்டில் முதற் பராந்தகசோழன் காலத்தில் எழுந்த ஏரி அது. அவனுடைய வீரநாராயணன் என்னும் பட்டப்பெயரே தேய்ந்து வீராணமாயிற்று. இன்று கொள்ளிடத்துக் கீழணையிலிருந்து வடவாற்றின் வழியே காவிரி நீர் அதனை நிரப்புகின்றது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அந்த ஏரி வயலுக்கு நீர் தந்து வருகின்றது.

அந்நீரைச் சென்னைக்குக் கொண்டுசெல்லும் திட்டம் 1960-களின் இறுதியில் தொடங்கப்பெற்றது. எண்ணம் பழுதன்று, மழை பொய்த்தால் குடத்தோடு தெருவில் நிற்கும் நகருக்கு நீர் வேண்டும் என்பதை எவர் மறுப்பார்? குழாய்கள் வார்க்கப்பெற்றன, சாலையோரங்களில் கொண்டுவந்து போடவும் பெற்றன. பின்னர் வேலை நின்றது. 1976-இல் நடுவணரசு அமர்த்திய சர்க்காரியா ஆணையம், ஒப்பந்தம் எவர்க்கு எவ்வாறு தரப்பட்டது என்று உசாவியது. உசாவல் நடந்தது, அறிக்கை வந்தது, அதனை ஒரு சாரார் மேடைதோறும் முழங்கினர், மறுசாரார் பழிவாங்கல் என்றனர். தண்ணீர் மட்டும் வரவில்லை! மாந்தர் குனிந்து நுழையத்தக்க அக் கற்காரைக் குழாய்கள் வெயிலிலும் மழையிலும் கிடந்தன. வீடற்ற ஏழையர் அவற்றுள் அடுப்பு மூட்டிக் குடியிருந்தனர். அத்திட்டத்தால் பயன்பெற்ற பொதுமக்கள் என்று எவரையேனும் காட்டவேண்டுமாயின், அவர்களைத்தான் காட்டவேண்டும்.

ஆட்சிகள் மாறின. ஒருவர் தொடங்கியதை மற்றவர் தொடுவது தமக்கு இழிவென்று கருதினர் போலும். தொடங்கியவரே மீண்டும் வந்தபோதும் முடித்தாரில்லை. 2004-இல்தான் புதிய வீராணம் திட்டம் என்னும் பெயரில் நாளொன்றுக்கு 18 கோடி இலிட்டர் நீரைத் தருமளவிற்குக் குழாய்வழி அமைந்தது. 2019-ஆம் ஆண்டுக் கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கும் வறண்டபோது, சென்னையின் தொண்டையை நனைத்தவற்றுள் வீராணத்து நீரும் ஒன்று. ஏரியும் அதுவே, தொலைவும் அதுவே. இடையில் ஒரு தலைமுறை குடத்தோடு நின்றதற்கு இயற்கை கரணியமன்று.

கரணியம் யாதெனில், பணியை எவர் காப்பார், எவர்க்குக் கணக்குக் காட்டுவார் என்னும் கேள்விக்கு விடை காணுமுன்பே ஒப்பந்தம் கைமாறிவிடுகின்றது என்பதே. வீராணத்திற்குத் தன் பெயரைத் தந்த அதே பராந்தகன் காலத்தில், உத்தரமேரூர்க் கோயிற் சுவரில் 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டுகளைப் பார்க்கலாம். ஏரி வாரியத்திற்கு அறுவர், குடவோலையால் தேர்வு, 360 நாள் பொறுப்பு. முன்பு வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவன் மீண்டும் அமர முடியாது. அவன் உறவினர்க்கும் இடமில்லை! அந்த அவை பார்ப்பனர் அவை. நிலமுடையார்க்கே அதில் இடம். உழுதவனுக்கும் பெண்டிர்க்கும் அங்கே குரல் இல்லை. ஆகவே அதனைப் பொற்காலமென்று தலைமேற் சுமக்கவேண்டியதில்லை. ஆயினும் கணக்கைப் பற்றிய அந்த ஒரு விதியைக் கோட்டையின் வாயிலில் இன்று எழுதி வைத்தால், உள்ளே எத்தனை நாற்காலிகள் நிரம்பும்?

அவ்விதிகள் வடசொல் விரவியதேனும் தமிழில், ஊரார் கண்முன், கல்லில் நின்றன. இற்றை ஒப்பந்தத் தாள்களோ பெரும்பாலும் ஆங்கிலத்தில், கட்டுக்கோப்பினுள் உறங்குகின்றன. தன் ஏரியின் மதகுக்கு எவ்வளவு சுண்ணமும் மணலும் குறித்திருக்கின்றது என்று படித்தறிய முடியாத உழவர், குறைந்ததைச் சுட்டிக்காட்டுவது எங்ஙனம்?

2017-இல் தமிழக அரசு குடிமராமத்து என்னும் பெயரில் 100 கோடி உருவா ஒதுக்கி 1,519 பணிகளை அறிவித்தது. (மராமத்து என்பதே அயற்சொல்; அது போகட்டும்.) பாசன உழவர் தாமே பங்களித்துத் தாமே செய்வது என்பது அதன் நோக்கம். நன்று! ஆனால் உழவர் பெயரில் ஒப்பந்தக்காரரே வண்டலை அள்ளுகின்றனர் என்னும் முறையீடு பல ஊர்களில் எழுந்தது. பெயர் குடிகளுடையது, கை வேறெவருடையதோ என்றால், 1970-களின் குழாய்க்கும் இதற்கும் வேறுபாடு என்ன?

வீராணத்தைத் தூர் வாருக என்று அப்பகுதி உழவர் கேட்டுக்கொண்டே இருக்கின்றனர். வண்டல் ஏற ஏற ஏரியின் கொள்ளளவு சுருங்குகின்றது. சுருங்கிய நீரில் சென்னைக்கும் பங்கு, வயலுக்கும் பங்கு. அப்பங்கை வகுக்கும் இடத்தில் உழவரும் சென்னைக் குடிசைப்பகுதி மக்களும் ஒருங்கே அமரவேண்டும். வரவும் செலவும் ஆண்டுதோறும் ஏரிக்கரையிலேயே தமிழில் எழுதி வைக்கப்பெறவேண்டும். இதற்குக் கோடிகள் தேவையில்லை. ஒரு பலகையும் ஒரு கூட்டமும் போதும். அவை வரும்வரை, மதகு எப்போது திறக்கும் என்றறிய, நாற்றங்கால் விட்டவர் அலுவலகத்து வாயிலில்தான் நின்றுகொண்டிருப்பார்.