எல்கேஜியிலேயே 2 பக்கம் ஹோம்வொர்க்: குழந்தையின் கை அதற்குத் தயாரா?

ஸ்ரீசிட்டியில் வேலை, திருப்பதியில் வாடகை வீடு. வீட்டுக்குள் தமிழ், தெருவில் தெலுங்கு, ஸ்கூலில் இங்கிலீஷ். சித்தூர், திருப்பதி பக்கம் செட்டில் ஆன இளம் தமிழ்க் குடும்பம் என்றால், இந்தக் காட்சி உங்களுக்குப் புதுசு இல்லை. கூடவே இன்னொன்றும் இருக்கும். மூன்றரை வயசுப் பிள்ளை பென்சிலை முஷ்டியில் பிடித்துக்கொண்டு அழும். நீங்களோ கடிகாரத்தைப் பார்த்தபடி, 'இன்னும் ஒரு வரிதான் கண்ணா' என்பீர்கள்.

பிள்ளைக்குச் சோம்பலா, உங்களுக்குப் பொறுமை போதவில்லையா? பெரும்பாலும் ரெண்டுமே இல்லை. அந்தக் கை இன்னும் வளர்ந்து முடியவில்லை.

மூன்று வயதில் கைக்குள் என்ன நடக்கிறது?

மணிக்கட்டில் 8 சிறிய எலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவை குருத்தெலும்பாகவே இருக்கும், எக்ஸ்ரேயில் தெரியாது. 3 வயதில் பெரும்பாலும் மூன்று, நான்குதான் எலும்பாக மாறியிருக்கும். எட்டும் முடிய 9 வயது தாண்டிவிடும். குழந்தைகளின் 'எலும்பு வயது' பார்க்க டாக்டர்கள் கையை எக்ஸ்ரே எடுப்பது இதனால்தான்.

பிடியும் படிப்படியாகத்தான் வரும். முதலில் முஷ்டி, அப்புறம் விரல்கள் எல்லாம் சேர்ந்த பிடி. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் பென்சிலை லேசாகப் பிடித்து நகர்த்துவது பலருக்கு நாலரை முதல் 6 வயதுக்குள்தான் வசப்படும். வடிவங்களுக்கும் வரிசை உண்டு. வட்டம் சுமார் 3 வயதில், கூட்டல் குறி 4-ல், சதுரம் 4-க்கும் 5-க்கும் நடுவில், முக்கோணம் சுமார் 5-ல்.

இப்போ 'அ', 'இ' இரண்டையும் ஒருமுறை மெதுவாக எழுதிப் பாருங்கள். எத்தனை சுழி, எத்தனை திருப்பம்! தெலுங்கு எழுத்துகளும் வளைவுகளால் ஆனவைதான். கூட்டல் குறியே கைவராத குழந்தையிடம் அகர வரிசையில் 'அ' முதல் கேட்பது, நடை பழகும் முன் மாடிப்படி ஏறச் சொல்வது மாதிரி.

அரசு விதிகள் என்ன சொல்கின்றன?

2020 தேசிய கல்விக் கொள்கை, 3 முதல் 8 வயது வரை ஒரே அடித்தளக் கட்டமாகப் பார்க்கிறது. அதற்காக 2022-ல் வந்த பாடத்திட்டச் சட்டகம் விளையாட்டு வழிக் கற்றலை முன்வைக்கிறது. ஒன்றாம் வகுப்பில் சேர 6 வயது நிறைந்திருக்க வேண்டும் என்று மத்திய கல்வி அமைச்சகம் 2023-ல் மாநிலங்களுக்கு மீண்டும் வலியுறுத்தியது. அங்கன்வாடிகளில் 3 முதல் 6 வயதுக்கான 'ஆதார்ஷிலா' பாடத்திட்டம் 2024-ல் வந்தது. அதுவும் விளையாட்டு வழிதான்.

ஆனால் தனியார் எல்கேஜிகளில் நிலைமை வேறு. நோட்டில் எத்தனை பக்கம் நிரம்பியது என்பதைத்தான் பெற்றோரும் பார்க்கிறோம், பள்ளியும் காட்டுகிறது.

பதில் பக்கத்திலேயே இருந்தது

மதனப்பள்ளி 2022 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. அதன் அருகே உள்ள ரிஷி வேலி பள்ளி, 1980-களில் சுற்றுக் கிராமங்களுக்காகச் சிறு பள்ளிகளைத் தொடங்கியது. புத்தகத்துக்குப் பதில் அட்டைகள், எல்லோருக்கும் ஒரே பாடம் என்பதற்குப் பதில் அவரவர் வேகத்தில் ஏறும் 'கற்றல் ஏணி'. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் இந்த முறையைத் தழுவிக்கொண்டன. சில ஆண்டுகளில் அது தமிழ்நாடு முழுக்கப் பரவியது. அதுதான் ஏபிஎல் என்ற செயல்வழிக் கற்றல்.

அந்தக் காலத்தில் அரசுப் பள்ளியில் படித்தவரா நீங்கள்? அப்படியென்றால் சுவரின் கீழ்ப்பாதியில் பிள்ளைகள் உயரத்துக்கு இருந்த கரும்பலகை நினைவிருக்கும். நின்றபடி, தோளிலிருந்து கையை நீட்டிப் பெரிதாக எழுதும்போது தோளும் மணிக்கட்டும் வலுப்பெறும். விரல்களுக்கு முன்னால் தயாராக வேண்டியவை இவைதான்.

அப்போ ட்ரேஸிங் நோட்டு?

புள்ளிக்கோட்டின் மேல் எழுதவைப்பதுதான் இப்போதைய பழக்கம். 2012-ல் அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் கேரின் ஜேம்ஸ், படிக்கத் தெரியாத 5 வயதுக் குழந்தைகளிடம் ஒரு சிறிய ஆய்வு செய்தார். எழுத்துகளைத் தாமாக எழுதுவது, கோட்டின் மேல் வரைவது, டைப் செய்வது என மூன்று வழிகள். பிறகு எழுத்துகளைக் காட்டி மூளையை ஸ்கேன் செய்தார்கள். வாசிப்புக்கான பகுதிகள் நன்றாக இயங்கியது தாமாக எழுதிப் பழகிய எழுத்துகளுக்குத்தான்.

அதாவது, உங்கள் பிள்ளை கோணல்மாணலாகத் தானே போட்ட ஒரு 'ட', அச்சுக்கோட்டின் மேல் போட்ட முப்பது 'அ'வைவிட அதிகம் சொல்லிக்கொடுத்திருக்கலாம். 'மொபைலே போதும்' என்ற வாதத்துக்கும் இதில் பதில் இருக்கிறது. கையெழுத்து முக்கியம்தான். சுவீடன் 2023-ல் புத்தகம், கையெழுத்து பக்கம் திரும்பியதும் சும்மா இல்லை. அதை எப்போது, எப்படி ஆரம்பிக்கிறோம் என்பதில்தான் விஷயம்.

சரி, வீட்டில் என்ன பண்ணலாம்?

தட்டில் அரிசி பரப்பி விரலால் எழுதவைக்கும் அட்சராப்யாசம் இந்த ஊரில் எல்லா வீட்டிலும் தெரிந்ததுதான். அதை ஒருநாள் சடங்காக முடிக்காமல் ரவையிலோ மணலிலோ தினமும் 5 நிமிஷம் விளையாட்டாகத் தொடருங்கள்.

வேர்க்கடலை உரிப்பது, சப்பாத்தி மாவு பிசைவது, துணிக்கு கிளிப் போடுவது, மொன்னைக் கத்தரியால் பேப்பர் வெட்டுவது, கோலத்துக்குப் புள்ளி வைப்பது எல்லாமே விரல் பயிற்சிதான். (4 வயதுக்குள் முழுக்கடலை வாய்க்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.) நீள பென்சிலைவிட உடைந்த குட்டி க்ரேயான் நல்லது. அதை முஷ்டியில் பிடிக்க முடியாது, விரல்நுனி தானாக வேலை செய்யும்.

எழுத்தை 'ட', 'ப' போன்ற நேர்கோட்டு வடிவங்களில் தொடங்கி, 'அ', 'இ'-யைப் பிறகு பார்க்கலாம். தமிழ், தெலுங்கு, ஆங்கிலம் மூன்றையும் பேசவும் கேட்கவும் விடுங்கள். எழுதுவதை மட்டும் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தால் போதும், தமிழ் எங்கும் ஓடிவிடாது.

எப்போது கவலைப்பட வேண்டும்?

5 வயது தாண்டியும் வட்டமே வரையவில்லை, பட்டன் போட முடியவில்லை, ஒரு கையை எப்போதும் தவிர்க்கிறது என்றால் காத்திருக்காதீர்கள். குழந்தைகள் நல மருத்துவரைப் பாருங்கள். ஆர்பிஎஸ்கே என்ற தேசிய குழந்தைகள் நலத் திட்டத்தில் வளர்ச்சித் தாமதத்துக்கான பரிசோதனை இலவசம். அங்கன்வாடியில் கேட்டால் வழி சொல்வார்கள்.

அடுத்த முறை அட்மிஷனுக்குப் போகும்போது 'எத்தனை பக்கம் எழுதவைப்பீங்க?' என்று கேட்காதீர்கள். 'களிமண், மணல், கத்தரி எல்லாம் எவ்வளவு நேரம் தருவீங்க?' என்று கேளுங்கள். பெற்றோர் கேட்கும் கேள்வி மாறினால் பள்ளிகள் காட்டும் நோட்டும் மாறும்.